டோக்கன் நிரல், பதிப்பு 2.3

மண்டபம் மீன்துறை அலுவலகத்தில்
பழைய கம்ப்யூட்டர் செத்து நாலு மாதம்.
உள்ளே கிடந்த பைல்களை மட்டும்
மதுரையில் ஒருவன் தோண்டி எடுத்துத் தந்தான்.
அவற்றைத் திறக்கப் பழைய நிரல் வேண்டும்.
அதை எழுதியவள் நான்தான்,
இருபத்தாறு வயதில், நாள்கூலிக்கு,
எது எதை நம்பி நிற்கிறதென்று
ஒரு வரி குறித்துவைக்காமல்.

லூர்து மெர்சிக்கு வேண்டியதும் ஒரு வரிதான்.
படகு எண் 417,
2016 நவம்பர் பத்தொன்பது, சனிக்கிழமை,
டோக்கன் வாங்கித்தான் போனது என்று.
செல்லாத ஐநூறைப் பங்க்கில் மட்டும்
வாங்கிக்கொண்டிருந்த வாரம் அது.
டீசல் போட்ட ரசீது அவளிடம் இருக்கிறது,
எழுத்து பறந்துபோய், வெறும் வெள்ளையாக.

கட்டளையை அடித்தேன்.
பதினோராம் நொடியில் சிவப்பு:
சார்பு கிடைக்கவில்லை.

தேதியைத் தேதியாக வாசிக்க
யாரோ எழுதிப் பொதுவில் வைத்த நாற்பது வரி.
எந்த நாட்டுக்காரரோ. நன்றிகூடச் சொல்லாமல்
எடுத்துக்கொண்டிருந்தேன்.
என்ன கோபமோ, என்ன கடனோ,
ஒருநாள் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
தடம் பார்த்து நானே எழுதினேன்,
முப்பத்தெட்டு வரியில். அவருடையது இன்னும் அழகு.

அடுத்தது கல்யாண வீட்டுச் சண்டை.
அவன் பந்தியில் உட்கார்ந்தால்
நான் இலை போடமாட்டேன் என்கிறது ஒரு லைப்ரரி.
இரண்டுக்கும் பொதுவான வெர்ஷன்
எந்த சர்வரிலும் இல்லை.
கடைசியில் என் பழைய பென் டிரைவில் கிடைத்தது,
தம்பி கல்யாண போட்டோக்களுக்கு அடியில்.

வெளியே வாடை.
வடகடல் இரைகிறது, தென்கடல் தூங்குகிறது.
ஐஸ் பிளாண்டின் மோட்டார்
ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது.
மெர்சி பெஞ்சில் இருக்கிறாள்.
நண்டு கம்பெனியிலிருந்து நேரே வந்தவள்,
விரல் நுனியெல்லாம் ஓடு கீறிய வெட்டு.
"இன்னைக்கு ஆகாதா?"
"ஆகும்க்கா."
மூன்று நாளாக இதையேதான் சொல்கிறேன்.

மறுபடி சிவப்பு:
கையெழுத்துச் செல்லாது. சாவி காலாவதி.
ஒரே வழிதான் தோன்றியது.
மெஷினின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளினேன்,
எதற்கோ, சரியாக அந்தத் தேதிக்கே.
மாலை ஏழு மணி.
இயந்திரம் மறுபேச்சில்லாமல் நம்பியது.
சிவப்பே வராமல் ஓடி ஓடி
எழுந்து நின்றது பதிப்பு 2.3.

417. கித்தேரியான், கூட நாலு பேர்.
நிலை: கடலில்.
திரும்பும் நேரம்: நாளை காலை 6.
தாமதம்: இல்லை.

வரிசை முழுக்கப் பச்சை.
மெர்சி எழுந்து வந்து பின்னால் நின்றாள்.
"பச்சைன்னா என்ன?"
"நேரம் இருக்குன்னு."
அவள் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.
பாம்பன் பாலத்துப் பக்கம் ரயில் ஒன்று கூவியது.
அது எந்த வருஷத்து ரயில் என்று
ஒரு கணம் எனக்கும் தெரியவில்லை.

அச்செடுத்தேன்.
தாளின் அடியில் அச்சான தேதி: 19.11.2016.
தாலுகா ஆபீஸில் இதைப் பார்த்தால்
எங்கள் இரண்டு பேரையும் உள்ளே வைப்பார்கள்.
கடிகாரத்தைத் திருப்பினேன்.
திரை ஒருமுறை சிமிட்டியது.

தாமதம்: 3,299 நாள்.

ஆறு மணி தாண்டினால் சிவப்பு,
தாண்டிய நாளை எண்ணு
என்று எழுதியதும் நான்தான்.
எதுவரை எண்ணுவது என்று எழுதவில்லை.
அலுவலகம் இருட்டில் கிடந்தபோதும், நிரல் செத்தபோதும்
எண்ணிக்கை ஒரு நாளும் பிசகவில்லை.

இரண்டாவது தாளையும் எடுத்துக் கொடுத்தேன்.
பச்சையும் சிவப்பும் திரையில்தான்,
தாளில் எல்லாம் கறுப்பு.
சிவப்பைப் பிளாஸ்டிக் கவரில் போட்டாள்.
மற்றதைக் கிழிக்கக் கை நீட்டினேன்.
"இது ஆபீசுக்கு வேண்டாம்ல?" என்றாள்,
நாலாக மடித்துக்கொண்டே.

அவள் போன பிறகு
புதிதாக ஒரு பைல் திறந்து எழுதத் தொடங்கினேன்:
இந்த நிரல் எழ வேண்டுமென்றால்
முதலில் தேதியை