தொழில்நுட்பக் கோளாறு

வெள்ளிவிழா மலருக்கு
எங்கள் நிலையத்தின் வரலாறு வேண்டுமாம்.
கொழும்பிலிருந்து கடிதம்:
இரண்டு பக்கம், மூன்று படம்,
ஒலிபரப்பியின் வலு, தொடங்கிய திகதி,
சமூகப் பணிகள், புள்ளிவிபரத்துடன்.

ஓய்வுக்கு ஐந்து மாதம் கிடக்கிற
என் மேசையில் வந்து விழுந்தது அந்த வேலை.
கட்டுப்பாட்டறைப் பதிவேடுகள் பதினொன்றை
அலுமாரியால் இறக்கினேன்.
ஆறாவதைக் கறையான் வாசித்து முடித்திருந்தது.

உட்துறைமுக வீதி.
மீன்பிடிச் சங்கத்தின் பழைய ஐஸ் களஞ்சியம்.
சுவரெல்லாம் முட்டைத்தட்டு ஒட்டினோம்.
எதிரொலி போனது,
சூடைமீன் வாசம் போகவில்லை.
விடிய ஐந்தரைக்கு நஸ்லியா,
அரைமணி கழித்து சிங்களத்தில் சுனேத்ரா.
இருவருக்கும் ஒரே ஒலிவாங்கி,
மாரியில் ஒரே தடிமன்.

கச்சான் எழும்புகிறது,
புல்மோட்டைப் பக்கம் வலை போடவேண்டாம்.
கிண்ணியாப் பாதையின் எஞ்சின் பழுது,
அவசரமில்லாதவர்கள் நாளைக்குக் கடக்கலாம்.
கந்தளாய் வாய்க்கால் செவ்வாய் திறக்கும்.
தம்பலகாமத்தில் சிவலைப் பசு ஒன்றைக் காணவில்லை,
இடது காதில் இரண்டு வெட்டு.

பிறந்தநாள் வாழ்த்துப் பெட்டியை
வாசலில் வைத்த முதல் கிழமை
கோட்டையிலிருந்து இறங்கிவந்த மான்கள்
பதினேழு வாழ்த்துகளைத் தின்றுவிட்டன.
பதிவேட்டில் இருக்கிறது: பதினேழு.

காணாமற்போன மாட்டை நாங்கள் அறிவிக்கலாம்.
காணாமற்போன மனிதரை அறிவிக்க
மேலிடத்து அனுமதி வேண்டும்.
சாம்பல்தீவுத் தாய் ஒருத்தி
ஒருதரம் சொல்ல விளங்கிக்கொண்டாள்.
கொப்பித்தாளில் எழுதித் தந்தாள்:
வெள்ளைக் கன்று, வயது இருபத்திரண்டு,
சைக்கிளில் போனது,
கண்டவர்கள் தயவுசெய்து.
நஸ்லியா ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்தாள்.
மறுநாள் இரண்டு பேர் வந்து
கதிரையில் இருக்காமலே கேள்வி கேட்டார்கள்.
நான் எழுதினேன்: வாசிப்புத் தவறு.
என் கையெழுத்து அப்போது அழகாயிருந்தது.

பிறகு அந்த மார்கழி.
உள்துறைமுகம் தொட்டித் தண்ணீர்போலக் கிடக்க
டச்சுக்குடாப் பக்கம் கடல்
மதிலேறி வந்திருந்தது.
டீசல் ஆறு லீற்றர் மிச்சம்.
அரிசி ஆலை பில்லின் பின்பக்கத்தில்,
பிஸ்கட் பெட்டி மட்டையில்,
ஒருவர் உள்ளங்கையிலும்
பெயர்கள் வந்தன.
இருப்பவர்கள் முதலில், எந்தப் பாடசாலையில் என்று.
மற்றவர்கள் பிறகு.
பெயர் கிடைக்காதவர்கள் கடைசியில்:
ஆண், நாற்பது மதிக்கத்தக்கவர், சாரத்தில் தையல்.
பெண், வலது கையில் நீலக் கண்ணாடிக் காப்பு.

அந்த இடத்தில் நின்றாள்.

பத்து வினாடி ஓசை நின்றால்
எங்கள் தொலைபேசி அலறும்.
நிலாவெளியில் யாரோ ரேடியோவைத் தட்டுவார்,
மூதூரில் பற்றரியைக் கழற்றி வெயிலில் வைப்பார்.
அன்று ஒருவரும் அழைக்கவில்லை.
கம்பிகள் அறுந்திருந்தன என்பதும் உண்மைதான்.
கண்ணாடிக்கு அப்பால் அவள்,
இப்பால் சுவிட்சில் என் விரல்.
பாட்டுப் போட்டிருக்கலாம்.
போடவில்லை.

பத்தாம் பதிவேடு, நீல மையில்:
16.10 தொடக்கம் 16.14 வரை நிசப்தம்.
காரணம்: தொழில்நுட்பக் கோளாறு.
கீழே நான்.

நேற்றுத்தான் கேட்டேன், பதினெட்டு வருசத்துக்குப் பிறகு.
இப்போது புத்தளத்தில் மகளோடு இருக்கிறாள்.
"கண்ணாடியைக் கழற்றித் துடைச்சன், அண்ணன்."
நாலு நிமிசமா?
"மண் கிடந்தது."
பிறகு, கச்சான் தொடங்கிட்டுதா என்று கேட்டாள்.

வலு ஒரு கிலோவாட், எழுதிவிட்டேன்.
திகதியும் எழுதிவிட்டேன்.
படத்துக்கு முட்டைத்தட்டுச் சுவர் போதும்.
சமூகப் பணிகள் என்ற தலைப்புக்குக் கீழே
பசு, பாதை, வாய்க்கால், காற்று.
புள்ளிவிபரம் என்ற கட்டத்தில்
4 என்று எழுதி
என்ன நான்கு என்று எழுதாமல்
வெட்டாமலும் வைத்திருக்கிறேன்.

ஆறு மணியாகிறது.
தென்மேற்கிலிருந்து, மணிக்கு இருபது மைல்.
சிறு வள்ளங்கள் போகவேண்டாம்.