ஆறு வாரம்

நோபிள் பார்க்கில்
பதினான்காம் இலக்க வீட்டு யூகலிப்டஸில் இருக்கும் ஒருவனுக்கு
என்னைக் கண்ணில் காட்டக்கூடாது.

செப்டம்பர் பிறந்தால் போதும்.
கடிதப் பெட்டிக்கு என் கை நீளுமுன்
பின்மண்டையில் விசுக்கென்று ஒரு காற்று,
டக்கென்று ஓர் அலகு.
ஹெல்மெட்டில் பதினொரு கேபிள் டை குத்தி
முள்ளம்பன்றியாய் வண்டி ஓட்டுகிறேன்.
நான் கொண்டுவருவது மின்கட்டணம்,
பல் வைத்தியரின் நினைவூட்டல், யாரும் படிக்காத பீட்சாத் தாள்.
மேக்பைக்கு அது தெரியுமா?
மஞ்சள் சட்டை, மூன்று சக்கரம்,
கூட்டைப் பார்த்து வருகிற ஒரு கை.

வீட்டுக்காரி இரீனி, கிரேக்கத்தி.
"பாசமானவன்" என்பாள்,
விரல் நுனியில் கொத்துக்கறி ஏந்தியபடி.
அவளிடம் மட்டும் தலையைச் சாய்த்து நடந்து வருவான்.
ஒருநாள் கவுன்சில் ஆள் சொல்லிவிட்டான்:
கறி வேண்டாம், குஞ்சுகளின் எலும்பு மெலிந்துவிடும்.
ஆறு வருடம் ஊட்டிய கையை
ஏப்ரனில் துடைத்தாள் இரீனி,
துடைத்துக்கொண்டே நின்றாள்.

எனக்குச் சொன்னது வேறு:
ஓடாதே. கையை வீசாதே.
முகத்தைக் காட்டிக்கொண்டு மெல்ல நட.
முகம் மறக்காத பறவை இது.
ஆறு வாரம்தான், பிறகு தணிந்துவிடும்.

பன்னிரண்டு வருடமாக இந்தத் தெரு எனக்கு.
என் பெயரை ஒழுங்காகச் சொல்பவர்கள் இரண்டு பேர்.
முகத்தை மனப்பாடம் செய்தவன் இவன் ஒருவன்.

காது கிழிந்து இரத்தம் வந்த அன்று
சுகிர்தா டெட்டோல் தொட்டு வைத்தாள்.
எரிந்தது. அவனைத் திட்டினேன்.
"நீங்கள் மட்டும் என்னவாம்?" என்றாள்.

ஆகஸ்ட் கடைசியில் நடந்ததைச் சொல்கிறாள்.
மகள் ஆரபியை இறக்கிவிட வந்த பொடியன்,
மோட்டார் சைக்கிளில், முகம் மூடிய ஹெல்மெட்டோடு.
கேட்டடிக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது.
ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.
வார்த்தை எதுவும் சொன்ன நினைவில்லை,
சத்தம் மட்டும்.
ஆரபி மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

கவுன்சிலின் படிவத்தில் ஒரு கேள்வி:
பறவையின் நடத்தை?
மிதம், கடுமை, மிகக் கடுமை, மற்றவை.
மற்றவையில் 'தகப்பன்' என்று எழுதினேன்.
அனுப்பாமல் மூடினேன்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பழக்கம்.
மதியச் சாப்பாட்டை எதிர்ப்பக்க நடைபாதையில்,
அவன் எல்லைக்கு ஒரு முழம் வெளியே, வைத்துக்கொண்டேன்.
சீருடை இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையும் போனேன்.
கூட்டில் ஒரு கம்பி, ஒரு நீல நைலான் கயிறு.
அவள் அடைகாக்கிறாள்.
அவன் உச்சிக் கொப்பில் நின்று பாடுகிறான்,
தொண்டையில் தண்ணீர் நிறைத்துக்கொண்டு
குழல் ஊதுகிறவன் மாதிரி.

எதை அன்பு என்பது?
குஞ்சு வாயில் அவன் வைக்கும் புழுவையா,
என் காதில் வைத்த கீறலையா?
இரண்டும் ஒரே அலகு.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை
தலைக்கு மேல் காற்று வரவில்லை.
புல்லில் அவன் நடக்கிறான்.
பின்னாலேயே சாம்பல் நிறத்தில் இரண்டு,
வாயை அகலத் திறந்து, சிணுங்கிச் சிணுங்கி.
என் சக்கரத்தைக் கல்லைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போனான்.
நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.
கொஞ்சம் வலித்தது.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம்
எங்கள் தெரு முனையில் மோட்டார் சைக்கிள் நின்றது.
பொடியன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் கோர்த்துக்கொண்டு
வண்டியைத் தள்ளியபடி வந்தான்,
மெல்ல,
முகத்தை எனக்குக் காட்டிக்கொண்டு.
சொல்லிக் கொடுத்திருக்கிறாள், பார்.
ஜன்னல் திரை அசைந்தது.

நான் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விட்டேன்.
விட்ட செடிக்கே மறுபடியும் விட்டேன்.

கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு
அவன் கேட்டான்:
"காதில் என்ன காயம், அங்கிள்?"