எட்டாகும் நேரம்

பிப்ரவரி. க்ரோனிங்கனில் கால்வாய்கள் உறைந்து கிடக்கின்றன.
எங்கள் தொட்டிகளில் மட்டும் கோடை.
குளத்து நத்தைகள் ராத்திரி கண்ணாடியில் ஒட்டிப்போன
முட்டைக்கூழைச் சவரத் தகட்டால் வழித்தெடுக்கிறேன்.

ஒன்று இரண்டாகும்போது கேள்வி இல்லை.
இரண்டு நான்காகும்போதும் இல்லை.
நான்கு எட்டாகும் நேரத்தில்தான்
எந்தப் பக்கம் என்று வருகிறது.
உள்ளே நூல்நூலாய் நீண்ட கதிர்
நேரே நிற்காமல் சாய்கிறது.
மேல் நான்கும் கடிகார முள் போகிற போக்கில் நகர்ந்து
கீழ் நான்கின் இடுக்குகளில் அமர்ந்துகொள்கின்றன.
பிரிகின்றன என்றுதான் சொல்கிறோம்.
ஒன்றும் விலகிப் போவதில்லை,
தோளோடு தோள் இடித்துக்கொண்டு அங்கேயே இருக்கிறது.
அந்தச் சாய்வுதான் பிற்பாடு
ஓடு சுருளும் திசை,
இதயம் இருக்கும் பக்கம்.

நான் அதை மாற்றினேன்.
முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குச்சியால்
மேல் நான்கையும் எதிர்ப்பக்கம் தள்ளிப் பிடித்தேன்,
பிரிந்து முடியும்வரை, மூச்சடக்கி,
இடக்கையால்.
இந்தக் கூடத்தில் இடக்கைக்காரி நான் ஒருத்தி.
முப்பதில் பதினொன்று பிழைத்தன.
பதினொன்றுக்கும் ஓடு இடப்பக்கமாய்ச் சுருண்டது.

டோக்கும் பள்ளிக்கூடத்தில் என் அம்மா சிட்ஸ்கேவின் இடக்கையைக்
கம்பளிக் கழுத்துத் துணியால் நாற்காலியோடு கட்டினார்கள்.
ஒரு குளிர்காலம் முழுக்க.
அப்புறம் அவள் வலக்கையால்தான் எழுதினாள்,
உருளைக்கிழங்குக் கணக்கு, என் பள்ளிக்கு விடுப்புக் கடிதம்,
எல்லாம் எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பவர்போல்
குனிந்த எழுத்துகள்.
பதறினால் மட்டும் இடது முந்தும்:
பால் பொங்கும்போது,
பனிச்சறுக்கில் நான் விழுந்தபோது.

இடச்சுருள் நத்தைகளோடு மற்றவை கூடுவதில்லை,
உடம்பு பொருந்தாது.
ஏப்ரலில் அவை தமக்குள்ளேயே கருவுற்று முட்டையிட்டன.
குச்சிகளை டப்பாவில் வைத்து மூடிவிட்டு
கைகளை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தேன்.
இரண்டு. நான்கு.
கதிர் சாய்ந்தது. வலப்பக்கம்.
அடுத்த முட்டை, வலப்பக்கம்.
விடியும்வரை எண்ணினேன்.
நான் தள்ளியது ஒன்றில்கூட இல்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்:
எல்லாம் வலம்.
வரி முன்னால் போகப்போக
ஈர மையின்மேல் என் கை
தேய்த்துக்கொண்டே வந்தது.