இக்காமா

தாரூத் தீவு. காலை எட்டரை.
முழங்கால் சேற்றில்
அலையாத்திக் கன்று நடுகிறேன்.
ஊரில் பதினொன்று, கிராம சபை.
சிக்கி போனை மேசைமேல் வைத்திருக்கிறாள்.

எல்லையைச் சொல்லப்பா, என்றார் வனவர்.

தேன்பாறை. கீழே இரட்டை ஓடை.
அம்மாவைப் புதைத்த நாவல்.
அப்புறம், யானை உரசி உரசி
வழுவழுத்துப்போன கல்
கன்றொன்று கைநழுவி மிதந்தது.

நாவலில் எங்கள் நம்பர் இருக்குமே?
இருக்கிறது சார்.
சுத்தியல் உங்கள் ஆளுடையது,
ஆணி பிடித்தது நான்.

பேனா ஓடும் சத்தம்.
சிக்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள்:
மனுதாரர் வெளிநாட்டில்.
வனத்தில் வசிப்பவரல்லர்.

ஃபோர்மேன் விசில் ஊதுகிறான்.
இக்காமா என்றால்
வசிப்பது என்று அர்த்தமாம்,
கேம்ப்பில் ஒரு மலையாளி சொன்னான்.
என்னுடையது நவம்பரில் முடிகிறது.

தண்ணீர் ஏறுகிறது.
அந்தக் கன்றை இன்னும் காணோம்.