யாளிக்கு அனுமதி இல்லை

செட்டிநாட்டுப் பழைய ஓடுபாதையின் வடக்கு முனையில்
சங்கிலி பிடிக்கிற ராக்கப்பன் காலை உதறினான்.
நெருஞ்சி.
பிடுங்கக் குனிந்தவன் நிமிரவில்லை.
"சார், இங்க ஏதோ மிருகம் கிடக்கு."

சிமெண்டில் பதிந்த மிருகம்.
மாட்டுவண்டி அகலம்.
சிங்க முகம், துதிக்கை, பின்னுடல் குதிரை,
முன்னங்காலில் ஒரு சாவி.
சுற்றிலும் வட்டம். வட்டத்தில் எழுத்திருந்த இடத்தை
ஆடுகள் தேய்த்திருந்தன.

அளவுப் புத்தகத்தில் எழுதினேன்:
தடை எதுவும் இல்லை.

பிறகு செம்மண் ஒப்பந்தம் தேடி
ஆவண அறைக்குப் போனபோது
கரையான் விட்டுவைத்த மூன்று கடிதங்கள்.

முதலாவது, நாற்பத்து நாலு, மார்ச்.
அணித்தலைவர் கார்வி
சீமையில் சின்னங்களுக்கென்று இருக்கும் அலுவலகத்துக்கு:
எங்களிடம் விமானம் பன்னிரண்டு, கொசுவலை எட்டு,
சின்னம்தான் இல்லை.
அருகிலுள்ள கோயில் தூணில் இருப்பதை
எங்கள் ஆள் வரைந்திருக்கிறான், இணைப்பில் காண்க.

அந்த ஆள் கோட்டையூர் சூசைமாணிக்கம்,
எஞ்சின் துடைப்பவன்.
வாசலோடு நிறுத்தப்பட்டவன் என்பதால்
தூணின் மறுபக்கம் முழுக்க அவன் யூகம்.

இரண்டாவது, அங்கிருந்து பதில்:
இப்படியொரு பிராணி எங்கள் பட்டியலில் இல்லை.
உலகத்திலும் இல்லை என அறிகிறோம்.
சாவிக்குப் பொருள் விளங்கவில்லை.
பதிலாகச் சிறகுள்ள சிங்கம், ஒற்றைக்கொம்புக் குதிரை,
நெருப்புமிழும் நாகம்
இவற்றுள் ஒன்றைப் பரிசீலிக்கலாம்.

சாவிக்குப் பொருள்:
ஓடுபாதைக்குச் செம்மண் அடித்துக்கொடுத்த
சித. வீர. வெள்ளையன் செட்டியார்.
(பெயரைக் கேட்டு வெள்ளைக்காரர் யாரும் சிரிக்கவில்லை,
சிரிக்கத் தமிழ் வேண்டும்.)
ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கியைப் பூட்டிவிட்டு
அரக்கான் மலை வழியே நடந்து வந்தவர்.
பில்லுக்கு வரும் நாளெல்லாம்
விமானமோட்டிகளிடம் இரு கையாலும் கூரை பிடித்துக் காட்டி
ஒரே கேள்வி:
இருக்கா?

போக வரப் பதினாறு மணி நேரம் பறந்து
அதே ஊரில் குண்டு போட்டுவிட்டு
கண் சிவக்க இறங்கியவர்கள் சொன்னதும் ஒன்றே:
மேகம்.

கார்வி மட்டும் ஒருநாள்
சாவியைக் கேட்டு வாங்கி
காகிதத்தில் வைத்துப் பென்சிலால் ஓரம் கீறிக்கொண்டு
துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.
அவரும் மேகம் என்றுதான் சொன்னார்.

மூன்றாவது கடிதத்தில் கையெழுத்து வேறு ஆள்.
அணித்தலைவர் கார்வியின் விமானம்
வங்கக் கடல்மேல் தொடர்பற்றுப் போனது.
அணி கலைக்கப்படுகிறது.
சின்னம் தொடர்பான விண்ணப்பத்தை முடித்துக்கொள்ளவும்.
அடியில், வேறு மையில், அவசரமாக:
நெருப்புமிழும் நாகத்தை நீங்கள் பார்த்தது எங்கே?

செட்டியாரின் கணக்கிலும் ஒரு வரி உண்டு.
மிச்ச சிமெண்டு நாலு மூட்டை.
பற்று: மிருகத்துக்கு.

மறுபடி போனேன்.
வட்டத்தைக் கூட்டித் தண்ணீர் ஊற்றினோம்.
மீசை ஒரு பக்கம் முறுக்கு, மறுபக்கம் தொங்கல்.
நகத்தால் சாவியைச் சுரண்டினேன்.
சிமெண்டு இல்லை. இரும்பு.
துரு விரலில் ஒட்டியது,
சட்டையில் துடைத்தும் போகவில்லை.

பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்:
யாளி, ஒன்று.

மாலையே மேலதிகாரி அழைத்தார்.
"படிவத்தில் அப்படித் தலைப்பே இல்லையேய்யா.
மரம், கிணறு, கட்டடம், சமாதி,
இதில் ஒன்றைப் போடு.
பாதை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது."

சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே ராக்கப்பன் சொன்னான்:
"கிணறுன்னு போடுங்க சார்.
மூடணும்னா தனியா அனுமதி வாங்கணும்.
அது வராது."