இருநூறு பெட்டி இரும்பு

கும்பா என் கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.
"சுண்ணாம்பு" என்றாள்.
அட்டையில் ஏழு புள்ளி ஒன்று.
ஆறாம் மாதம். இரண்டாவது பிள்ளை.

சூமில் எங்கள் கூடாரத்துக்கும் தண்டவாளத்துக்கும்
கூப்பிடு தூரம்கூட இல்லை.
இரவில் ரயில் வரும்,
இருநூறு பெட்டி, எல்லாம் இரும்புக்கல்.
கடைசிப் பெட்டி கடக்கும்வரை
பால் சட்டி நடுங்கும்,
வயிற்றுக்குள் இருப்பதும்.
விடிந்தால் எல்லாவற்றின் மேலும் கருந்தூள்:
உடுத்திய மெல்ஃபாவில், ரொட்டியில், ஆட்டின் இமைமயிரில்.
என் ரத்தத்தைத் தவிர.

ஒன்றை மறைத்திருந்தேன்.
மசக்கைக்காரி புளிப்பைத் தேடுவாள்,
நான் கல்லைத் தேடினேன்.
பெட்டியிலிருந்து சிதறியதைப் பொறுக்கி
பேரீச்சங்கொட்டை போல் கன்னத்தில் அடக்கி
மாவு பிசையும்போதெல்லாம் சப்பினேன்.
குளிர்ச்சி. மழைக்கு முந்தைய வாசனை.

கும்பா வாயைத் திறக்கச் சொன்னாள்.
நாக்கெல்லாம் கறுப்பு.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"கல் உனக்குள் கரையாது, தெக்பெர்.
பல்தான் உடையும்."
பிறகு குரலைத் தாழ்த்தி,
"மாத்திரைக்கு முன்னும் பின்னும்
இரண்டு மணி நேரம் தேநீர் கூடாது."

அப்போதுதான் அழுகை வந்தது.
மூன்று கோப்பையும் குடிக்காதவளை
எந்தப் பாயில் உட்காரவைப்பார்கள்?
நாத்தி செல்கா உயரத்திலிருந்து ஊற்றுகிறாள், நுரை நிற்க.
உதட்டில் வைத்து,
அவள் திரும்பியதும் மணலுக்குக் கொடுக்கிறேன்.
மணல் யாரிடமும் சொல்லாது.

அந்த மாத்திரையும் இல்லை.
சுகாதார நிலைய அலமாரியில்
வெற்று டப்பா, அடியில் பஞ்சு.
பதினோரு நாள்.
பன்னிரண்டாம் இரவு, நின்ற ரயிலில்
கல்லின் மேல் உட்கார்ந்து வந்த ஒருவன்
(முகம் முழுக்கத் துணி, கண் மட்டும்)
குனிந்து ஒரு காகிதப் பையை நீட்டினான்.
அறுபது மாத்திரை. குருவிக் கனம்.
"இவ்வளவுதானா இரும்பு?" என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு கிலோமீட்டருக்கு
மலை ஒன்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வாரத்தில் மலம் கறுத்தது. பயந்து ஓடினேன்.
இந்த முறை கும்பா சிரித்தாள்,
"ரயில் உனக்குள்ளும் ஓட ஆரம்பித்துவிட்டது."

இன்னும் சில இரவு நாக்கு ஊறுகிறது.
ரயில் போனதும் போய்க் குனிகிறேன்,
ஒரு கல்லை எடுக்கிறேன், முகர்கிறேன்,
இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நிமிர்கிறேன்.
கண் இருட்டத்தான் செய்கிறது.
முன்பெல்லாம் அந்த இருட்டில்
உட்கார்ந்துவிடுவேன்.
இப்போது தண்டவாளத்தைப் பிடித்து
பத்து எண்ணுவதற்குள்
நட்சத்திரம் திரும்பி வந்துவிடுகிறது.