பன்குளம், ஆவணி

கச்சான் நாலாம் நாளாய் வீசுகிறது.
பவுசரில் தண்ணீர் முடிந்து
றம்சீன் குளத்துக்குப் போய்விட்டான்.
இனி எங்களிடம் மூன்று மண்வெட்டி,
பச்சைப் பாலைக் கொப்புகள்,
ஒரு விசில்.

இலுக்குப் புல்லில் நெருப்பு
புதுச்சீலை கிழிகிற சத்தத்தோடு ஓடுகிறது.
அடிக்கிறோம்.
அடித்த இடம் திரும்பவும் மூச்சு விடுகிறது.

திடீரென்று காட்டுக்குள்
படபடவென்று வெடிக்கிறது.
மூங்கில் என்கிறான் புதுப் பொடியன்.
இந்தக் காட்டில் ஏது மூங்கில்?
விசில் ஊதுமுன்பே
ஆறு பேரும் நிலத்தோடு கிடக்கிறோம்.
ஜயவீரவின் முழங்கை என் விலாவில்.
அவனுக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

எழும்பும்போது
மண்டையோட்டுப் பலகையின் கால் மட்டும் புகைகிறது.
எல்லை எங்கே என்று
அதற்குத்தான் தெரிந்திருந்தது.

ஜயவீர முன்னே நடக்கிறான்.
அவன் சப்பாத்துத் தடத்தில் என் சப்பாத்தை வைக்கிறேன்.
சாம்பல் இன்னும் சுடுகிறது.
பவுசரைக் காணோம்.